பொட்டலம் எடுத்த கை

மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்து நாலைந்து நாள் இருக்கும். பொழுதோட களத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தொட்டியடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, "ஏங்கண்ணு, அம்மணி மெட்ராசுக்குப் போயிப் படிக்கறேங்கறாளே. வர்ற வெள்ளிக்கெழம கோயலுக்குப் போயி ஒரு பூக் கேட்டுட்டு வந்தர்லாமா?" என்றார்.

எங்கள் வீட்டில் இது புதிதில்லை. சரீம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பூக் கேக்க வேண்டாம் ஆத்தா."

கோபமாகச் சொல்லவில்லை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

ராத்திரி அரிசிம்பருப்பு சாதம். மனைவி நெய் விட்டு எல்லாருக்கும் வட்டலில் போட்டு வைத்தாள். மகளுக்கு ரொம்பப் பிடித்த சோறு அது. பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டாள். அம்மா பேத்தியின் வட்டலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குலதெய்வம் கோயில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஓடு வேய்ந்த சின்னக் கோயில், முன்னால் இரண்டு வேம்பு, ஒரு மண் குதிரை. ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவு வராதபோது அங்கே போய்ப் பூக் கேட்போம். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, வீட்டுச் செடியிலிருந்தே ஒரு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்து வருவார். கோயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து வாழைநாரால் கட்டுவார். இரண்டு பொட்டலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றில் காம்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் பிரித்து மறுபடி கட்டுவார். பூசாரி இரண்டையும் வாங்கிக் குலுக்கிச் சாமி காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, இன்ன காரியம் என்று சொல்லி வேண்டுவார். அப்புறம் ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். மறுபேச்சும் கிடையாது, இன்னொரு தரம் கேட்பதும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் இது ஊரோடு ஒட்டிய பழக்கம். காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அங்குள்ள உத்தரவுப் பெட்டியைத் தெரியும். யாராவது ஒரு பக்தர் கனவில் ஆண்டவர் வந்து, இன்ன பொருளைக் கொண்டுவந்து வை என்று சொல்வார். அவர் கோயிலில் வந்து சொன்னதும், சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்டு, வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும் வரைக்கும் அதுவே இருக்கும். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, மஞ்சள், துப்பாக்கி, சைக்கிள்கூட இருந்திருக்கிறது. 2004இல் சுனாமி வருவதற்கு முன்னால் பெட்டியில் தண்ணீர்தான் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அம்மா மலைக்குப் போனால் முருகனைக் கும்பிட்ட கையோடு நேரே பெட்டிக்குத்தான் போவார். பேப்பர் படிப்பதுபோல அதைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வருசம் இப்படி இருக்கும் போலிருக்குது என்று பேசிக்கொண்டே படி இறங்குவார்.

நான் பி.காம். முடித்தவன். இருபது வருசமாகக் காங்கயத்தில் ஒரு கொப்பரைக் களத்தில் கணக்கு எழுதுகிறேன். நாளும் பொழுதும் மூட்டை எண்ணிக்கையும் எடையும் விலையும்தான் என் வேலை. பூ வருங்காலத்தைச் சொல்லும் என்று நான் நம்பியதில்லை. ஆனால் பூக் கேட்பதை நம்பினேன். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். எனக்கு அவை வேறு வேறாகத்தான் இருந்தன.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு ஏக்கர். கிணறு இருந்த பக்கம் யாருக்கு என்பதில் வந்து நின்றது பேச்சு. பெரியவர்கள் நாலு நாள் உட்கார்ந்து பேசியும் தீரவில்லை. கடைசியில் பூக் கேட்டார்கள். கிணறு பெரியப்பாவுக்குப் போனது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, சாமி சொல்லிருச்சு" என்று எழுந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. பெரியப்பா வீட்டோடு இன்று வரைக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இருக்கிறது. எங்கள் காட்டின் கிழக்கு எல்லைப் பொழிக்கு அந்தப் பக்கம் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒரு வண்டித்தடத்துக்காக இருபது வருசமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் வரவில்லை. இதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பூவின்மேல் எப்படி மரியாதை இல்லாமல் போகும்?

தோற்றவர் என்று யாரும் இல்லாமல் ஒரு முடிவு எடுக்க முடிகிறது. நாளைக்கு அது தப்பாகப் போனாலும், உன்னால்தான் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன். அத்தைக்கு வந்த முதல் சம்பந்தம் தாராபுரம் பக்கம். அதற்குச் சிவப்பு வந்தது, விட்டுவிட்டார்கள். இரண்டு வருசம் கழித்து வெள்ளகோவில் பக்கம் கொடுத்தார்கள். சிவப்பு வந்த அன்றைக்குப் பொட்டலம் எடுத்த குழந்தை நான்தான். ஆறு வயசு.

இனி 2017க்கு வருகிறேன்.

அதற்கு முந்தின வருசம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. தமிழ்நாடு முழுக்க வழக்கமாகப் பெய்வதில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசாங்கமே அறிவித்தது. எங்கள் பக்கம் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலுக்குக் கடைமடை. பாசன நிலத்தை நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒரு தரம்தான் தண்ணீர் விடுவார்கள். அணையில் தண்ணீர் இருந்தால்தான் அதுவும். அப்பா வைத்து வளர்த்த எண்பது தென்னையில் மட்டைகள் ஒடிந்து மரத்தோடு ஒட்டித் தொங்கின. குரும்பை எல்லாம் கொட்டிப்போனது. காலையில் எழுந்து பார்த்தால் மரத்தடியில் கருகின குரும்பைகள் சிதறிக் கிடக்கும். அப்பா அவற்றைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்து வைப்பார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தண்ணீருக்கு ஒரு போர் போட்டுப் பார்க்கலாம் என்று அம்மா சொன்னார். வேண்டாம் என்றேன் நான். சுத்துவட்டாரத்தில் எல்லாரும் 700 அடி, 800 அடி என்று இறக்கிவிட்டுப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், கடன்தான் மிஞ்சும் என்றேன். அப்பா இரண்டு பக்கமும் சேராமல் இருந்தார். என் மனைவி மட்டும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "வெச்சுப் பணம் வாங்கியாங்க. அப்பறம் என்ன முடிவு பண்றதோ பண்ணுங்க" என்றாள். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை பூக் கேட்கப் போனோம்.

மகளுக்கு அப்போது எட்டு வயசு. பூசாரி கூப்பிட்டதும் ஓடிப்போய் முன்னால் நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். முகம் முழுக்கச் சுருங்கும்படி அவ்வளவு இறுக்கி மூடினாள். கையை நீட்டினாள். முதலில் விரல் இந்தப் பக்கப் பொட்டலத்தைத் தொட்டது. அப்புறம் நகர்ந்து அந்தப் பக்கத்தை எடுத்தது. பூசாரி நாரை அறுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை. அம்மா அவளை இழுத்து அணைத்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டார். "எஞ் சாமி. ராசியான கையி."

திருச்செங்கோட்டுப் போர் வண்டி பத்து நாள் கழித்துத்தான் வந்தது. இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் திருச்செங்கோட்டு வண்டியைப் பார்க்கலாம் என்பார்கள். அந்த வருசம் அவர்களுக்கு எங்கள் ஊர்ப்பக்கமே ஓய்வில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஓட்ட ஆரம்பித்தார்கள். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. மகள் தூங்கப் போகமாட்டேன் என்று புளிய மரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு ராடும் 20 அடி. ஒன்று இறங்கினதும் விரலை மடித்து எண்ணினாள். 300 அடி வாக்கில் புழுதி கொஞ்சம் நசநசத்து வந்தது. அப்பா ஓடிப்போய் ஒரு பிடி அள்ளிக் கையில் உருட்டிப் பார்த்தார். அதோடு சரி. அதற்கப்புறம் வெறும் வெள்ளைப் புழுதி. பாறை மாவு. புளிய மரத்து இலைமேல், கட்டில்மேல், மகள் தலைமயிர்மேல், இமைமேல் எல்லாம் அது படிந்தது. விடியக்காலம் நாலு மணிக்கு நிறுத்தச் சொன்னோம். 840 அடி.

"நாப்பத்திரண்டு ராடுப்பா" என்றாள் மகள்.

அப்பா வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அப்போது என்னிடம் ஒன்று சொன்னார். "சாமி போர் போடுன்னு சொல்லுச்சு தம்பி. தண்ணி குடுக்கறேன்னு சொல்லலியே."

அந்தச் சொல் அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது. நான் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவி நகையைப் பற்றிப் பேசவில்லை. கூட்டுறவுச் சங்கத்து நகைக்கடனை மூன்று வருசத்தில் அடைத்தோம். எண்பது மரத்தில் முப்பத்தொன்று மிஞ்சியது. வீட்டில் சண்டை என்று ஒரு நாள்கூட வரவில்லை. எத்தனை வீடுகள் அந்த வருசம் உடைந்தன என்பதைப் பார்த்தவன் நான். பூவால்தான் நாங்கள் தப்பித்தோம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாட்டை விற்றதும் அந்த வருசம்தான். ஒரு காங்கய மாடு, இரண்டு மாசக் கன்று. மாடு மேயும் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் வேரோடு தீய்ந்துபோனது. வேலிக் கிளுவையும் வெள்வேலமரமும்தான் பச்சையாகத் தெரிந்தன. தீவனத்துக்குப் போக இடமில்லை. அதற்குப் பூக் கேட்கலாமா என்று நான் அப்பாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். "வேண்டாம்னு வந்துட்டா எதக் கொண்டாந்து போடுவ?" ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு ஓட்டிக்கொண்டு போனோம். காங்கயக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசத்தில் செந்நிறம் மாறிச் சாம்பல் நிற மயிலையாகும். காதோரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். அது நிறம் மாறுவதைப் பார்க்கத்தான் மகள் தினமும் காலையில் கட்டுத்தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள். விற்கும்போது செவலையாகவேதான் போனது.

இப்போது மறுபடியும் இந்த மே மாசத்துக்கு வருகிறேன். மகள் பூ வேண்டாம் என்று சொன்ன மறுநாள் ராத்திரி கரன்ட் போய்விட்டது. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். ஏன் கண்ணு, சாமிமேல நம்பிக்கை இல்லியா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சாமி இருக்குதுப்பா. நானுந்தான் கும்பிடறேன்" என்றாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "அன்னைக்கு நான் மொதல்ல இந்தப் பக்கத்துப் பொட்டலத்தத்தாம்ப்பா தொட்டேன்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. எதைச் சொல்கிறாள் என்று புரிந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஒன்பது வருசமாக அதை வைத்திருந்திருக்கிறாள். முதலில் தொட்டதையே எடுத்திருந்தால் சிவப்பு வந்திருக்கும். போர் போட்டிருக்க மாட்டோம். அவள் அம்மா நகை அடகுக்குப் போயிருக்காது. மாட்டையும் கன்றையும் விற்றிருக்க மாட்டோம். எட்டு வயசில் இப்படி ஒரு கணக்குப் போட்டு, யாரிடமும் சொல்லாமல், நாற்பத்திரண்டு ராடையும் அவள் ஒருத்தியே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஆத்தா ராசியான கை என்று சொல்லும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாளாம். நான் ஒரே வீட்டில் இருந்து இதைப் பார்க்கவில்லை.

"அது உன் தப்பு இல்ல கண்ணு. அது சாமி..." என்று ஆரம்பித்தேன்.

"பெரியவங்க யார் தப்பும் இல்லீன்னு ஆச்சு. ஆனா எடுத்தது எங் கைதானப்பா" என்றாள்.

நான் தூங்கவில்லை. பழி யார்மேலும் விழாது என்றுதானே இத்தனை வருசம் பூவை மெச்சினேன். அது ஒரு குழந்தையின்மேல் விழுந்து கிடந்திருக்கிறது. நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் நிம்மதியாகச் சோறு தின்றோம்.

விடியக்காலத்தில் அத்தை ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு வருசமாக நினைக்காத ஒன்று. கோயிலுக்குப் போகும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். எங்கே போனாலும் அப்படித்தான் போவோம். அன்றைக்குச் சிவப்பு வந்தது. திரும்பி வரும்போது நான் கையை நீட்டினேன். அத்தை பிடிக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்துபோனாள். அந்தத் தாராபுரத்து மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைக்கும் நான் போனால் பலகாரம் சுட்டு வைத்துக்கொண்டு, இன்னொன்று தின்னு, இன்னொன்று தின்னு என்று பக்கத்தில் நிற்பவள்தான் அத்தை. ஆனால் அந்த ஆறு வயசுப் பையன் நீட்டின கையோடு நின்றது எனக்குள் எங்கேயோ அப்படியே இருந்திருக்கிறது.

மகள் படிக்க ஆசைப்படுவது நிலவியல். இதைச் சொன்னால் ஒரம்பரை சொந்தத்தில் பாதிப் பேர் அது என்ன படிப்பு என்கிறார்கள். நர்சிங் போடு, சி.ஏ. போடு, திருப்பூரில் பேஷன் டிசைனிங் போடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது, சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. எதற்கு இந்தப் படிப்பு என்று நான் இரண்டு வருசத்தில் ஒரு தரம்கூட அவளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாறையும் மண்ணும் பிடித்திருக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு வாய் அடைத்துப்போனது. நம் பக்கத்துப் பாறை கெட்டிப் பாறை. மேலே கொஞ்ச ஆழம் வரைக்கும் சிதைந்து பொடியாகிக் கிடக்கும், அதில் தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டும்தான் நிற்கும். ஆழத்துக்குப் போகப் போக அந்த வெடிப்புகளும் குறையும், இறுகும். 300 அடியில் ஈரம் காட்டியது ஒரு சின்ன வெடிப்பாக இருந்திருக்கலாம். அதற்கப்புறம் அத்தனை ராடு இறக்கியிருக்க வேண்டியதில்லை. ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினாள். யாரோ தூரத்து ஊரைப் பற்றிப் பேசுவதுபோல இல்லை. எங்கள் காட்டை வரைந்து, புளிய மரத்தை வரைந்து, அதற்கு அடியில் கோடு போட்டு இறக்கினாள்.

சிவன்மலையைப் பற்றியும் சொன்னாள். நாம் சாமி குடியிருக்கும் மலை என்று ஏறி இறங்குகிறோமே, அந்தப் பாறை நிலவியல் படித்தவர்களுக்கு ரொம்பத் தெரிந்த பாறையாம். சையனைட் (syenite) என்று பெயர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து என்பவர் 1901லேயே சிவன்மலை என்ற பெயரைப் போட்டே இந்தப் பாறைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தப் பாறையில் குருந்தக்கல் கிடைக்கும். அந்தக் கல்லுக்கு உலகம் முழுக்க வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான் என்றாள். பக்கத்தில் படியூரில் 1819 வாக்கிலேயே வெள்ளைக்காரர்கள் கடல்நிறப் பச்சைக்கல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலேயே கல்மணி கடைந்திருக்கிறார்கள். நான் காங்கயத்தில் பிறந்து வளர்ந்தவன். இதில் கொடுமணலைத் தவிர எதுவும் எனக்குத் தெரியாது.

"இனி எந்தக் கொழந்தையும் கண்ணை மூடிட்டு எடுக்க வேண்டியதில்லப்பா" என்று சொன்னாள். அதை எனக்குச் சொன்னாளா அவளுக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுபத்தொரு வயசு. பூவும் வெள்ளிக்கிழமையும் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வாரம் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது. அப்பா 2021இல் போய்ச் சேர்ந்தபிறகு அந்தக் கோயில்தான் அவருக்குத் துணை. ஆனால் பேத்தி வட்டலில் மிச்சம் வைத்த சோறு அவருக்குள்ளும் கிடந்து உறுத்துகிறது என்று தெரிந்தது. வியாழக்கிழமை ராத்திரி அவர் படுக்கை தட்டிப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பச்சப் புள்ளைக்குக் கள்ளந் தெரியாது, அதனால சாமி அந்தக் கையிலதான் வரும்னு எங்க ஆத்தா எனக்குச் சொல்லுச்சு. நானும் அப்படியே செஞ்சு போட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "புள்ளையக் கூட்டிட்டுப் போயி எடுக்கச் சொன்னமே ஒழிய, வந்து ஒரு வார்த்த கேக்கலியேடா" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியால ஐந்து மணிக்கே அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு செடியடியில் நிற்பதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கையில் நந்தியாவட்டையும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது. மகளும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் குளித்துவிட்டு வந்தாள். நாலு பேரும் நடந்தே போனோம். போகும் வழியில் அம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசாரி எங்களைப் பார்த்ததும் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டே, "பூக் கேக்கறதுங்களா?" என்றார்.

"இல்லீங். சும்மா கும்பிட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோமுங்" என்றார் அம்மா. பூக்களைப் பொட்டலம் கட்டவில்லை. இரண்டையும் அப்படியே சாமி காலடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார். கற்பூரம் காட்டினதும் கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டினார் என்று தெரியாது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திருநீறு வாங்கும்போது பேத்தியின் வலது கையைத் தானே பிரித்து நீட்டினார். பூசாரி திருநீறு போட்டார். அம்மா அந்தக் கையை மூடிவிட்டு, மேலே தன் கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானமே டவுன் பஸ் ஏறிக் காங்கயம் போனோம். அம்மாவும் கூட வருகிறேன் என்றார். பிரவுசிங் சென்டர் பையன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்தான். முதலாவது சென்னை, இரண்டாவது சேலம். மதிப்பெண்ணெல்லாம் சரிபார்த்துவிட்டு, "அண்ணா, சப்மிட் குடுத்தரட்டுங்களா?" என்று என்னைக் கேட்டான். நான் மகளைப் பார்த்தேன். நானே குடுக்கறேன் என்று மவுசை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று அம்மா வெளியே கடைப்படியில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் எழுந்து நின்று, வழக்கம்போலவே, "என்ன வந்துது கண்ணு?" என்று கேட்டார்.

"இன்னும் வல்ல ஆத்தா. லிஸ்ட்டு வர நாளாகும்" என்றாள் மகள்.

"சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.